ஒளித் துப்பாக்கி தந்த குன்பெய் யோகோய்

குண்டு இல்லை. மருந்து இல்லை. புகையும் இல்லை. ஆனால் விசையை அழுத்தியதும் எதிரே இருக்கும் பொம்மைச் சிங்கம் உறுமுகிறது! மேஜை மீது நிற்கும் பாட்டில் துண்டு துண்டாகச் சிதறி விழுகிறது!

1970-ம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் குழந்தைகள் இந்த அதிசயத்தைக் கண்டு துள்ளிக் குதித்தார்கள். அந்தத் துப்பாக்கியிலிருந்து புறப்பட்டது வெறும் ஒளிதான்.

அந்த ஒளித் துப்பாக்கியை உருவாக்கியவர் குன்பெய் யோகோய் என்ற என்ஜினீயர். பின்னாளில் உலகம் முழுவதும் குழந்தைகளின் கையில் தவழ்ந்த 'கேம் பாய்' என்ற விளையாட்டுப் பெட்டியைத் தந்தவரும் இவரே.

பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு வாலிபர், பழைய பொருள்களைக் கொண்டே புதிய விளையாட்டுகளைப் படைத்தது எப்படி? அந்தக் கதையைப் பார்ப்போம்.

வேலை தேடிய பட்டதாரி

யோகோய், 1941-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி கியோட்டோ நகரில் பிறந்தார். கியோட்டோ, ஜப்பானின் பழைய தலைநகரம். கோவில்களும் கைத்தொழில்களும் நிறைந்த ஊர். அவருடைய தந்தை ஒரு மருந்துக் கம்பெனியில் உயர்ந்த பதவியில் இருந்தவர்.

யோகோய் அதே ஊரில் உள்ள தோஷிஷா சர்வகலாசாலையில் மின்சாரத் துறைப் படிப்பைப் படித்தார். 1965-ம் ஆண்டு பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் வேலை? பெயர் பெற்ற மின்சாரக் கம்பெனிகளுக்கு எல்லாம் மனுப் போட்டார். ஒரு கம்பெனிகூட அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

கடைசியில் உள்ளூரிலேயே ஓர் இடம் கிடைத்தது. அது நிண்டெண்டோ என்ற சீட்டுக்கட்டுக் கம்பெனி.

1889-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கம்பெனி அது. ஜப்பானியர்கள் விளையாடும் பூச்சீட்டுகளை அங்கே செய்தார்கள். மாதத்துக்கு ஒரு மலராக 12 மலர்கள். மொத்தம் 48 சீட்டுகள். வீட்டுக்கு அருகில் இருக்கிறது, அதுவே போதும் என்று யோகோய் அங்கே சேர்ந்தார்.

சீட்டு செய்யும் இயந்திரங்கள் பழுதில்லாமல் ஓடுகின்றனவா என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. இயந்திரம் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலையே இல்லை!

முதலாளி கண்ணில் பட்டது

பொழுது போகவில்லை. தொழிற்சாலையில் இருந்த கடைசல் இயந்திரத்தைக் கொண்டு ஏதாவது செய்து பார்ப்பார். ஒரு நாள், குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகளை இணைத்து ஒரு கருவி செய்தார். கைப்பிடியை அழுத்தினால் அது நீண்டு போய்த் தூரத்தில் உள்ள பொருளைப் பற்றும். விட்டால் மடங்கிக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில் கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி அந்தப் பக்கம் வந்தார். கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர் அவர். வேலை நேரத்தில் விளையாடிக்கொண்டிருந்த யோகோயைப் பார்த்துவிட்டார்.

பிறகு தம் அறைக்கு வரும்படி சொல்லி அனுப்பினார். திட்டு விழப்போகிறது என்று பயந்துகொண்டே யோகோய் போனார்.

நடந்ததோ வேறு. அந்தக் கருவியை விளையாட்டுச் சாமானாகச் செய்து விற்பனைக்குக் கொண்டுவரும்படி யமவுச்சி உத்தரவிட்டார்!

1966-ம் ஆண்டு 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் அது கடைகளுக்கு வந்தது. 12 லட்சத்துக்கும் மேல் விற்பனை ஆயிற்று. இயந்திரம் துடைக்க வந்த வாலிபர், புதிய விளையாட்டுச் சாமான்களைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார்.

அதன்பின் வீட்டுக்குள்ளேயே பந்து வீசும் இயந்திரம் செய்தார். 1969-ம் ஆண்டில் 'காதல் சோதனைக் கருவி' ஒன்றும் செய்தார். ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு, மற்றொரு கையில் ஆளுக்கு ஓர் உலோகப் பிடியைப் பிடிக்க வேண்டும். அவர்கள் உடம்பின் வழியே மிகச் சிறிய அளவு மின்சாரம் ஓடும். அதை அளந்து முள் நகரும். காதலை அளக்க முடியுமா? முடியாது. ஆனால் கூச்சப்பட்ட வாலிபர்களுக்குக் கைகோக்க ஒரு சாக்குக் கிடைத்தது!

ஒளியே குண்டு

அந்த நாளில் ஷார்ப் கம்பெனியிலிருந்து மசயுக்கி உவேமுரா என்ற இளம் என்ஜினீயர் நிண்டெண்டோவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஒளி பட்டால் மின்சாரம் உண்டாக்கும் சிறு வில்லைகளை விற்பது அவர் நோக்கம். 

அந்த வில்லைகளை மற்றவர்கள் மின்சாரம் தரும் பொருளாகப் பார்த்தார்கள். யோகோய் வேறு விதமாகப் பார்த்தார். ஒளி பட்டதா, படவில்லையா என்று அது சொல்லிவிடும் அல்லவா? அப்படியானால் அதையே குறிப்பலகையாக வைத்துக்கொள்ளலாமே என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள்.

துப்பாக்கிக்குள் ஒரு சிறு விளக்கு. விசையை அழுத்தினால் விளக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பளிச்சிடும். அந்த ஒளி, எதிரே உள்ள பொம்மையின் வில்லை மீது விழுந்தால் சிறிது மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரம் பொம்மைக்குள் இருக்கும் விசையைத் தட்டிவிடும். உடனே சிங்கம் உறுமும், பாட்டில் சிதறும். குறி தவறினால் ஒன்றும் நடக்காது. அவ்வளவுதான் சூட்சுமம்.

1970-ம் ஆண்டு வந்த இந்த ஒளித் துப்பாக்கி 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. வில்லை விற்க வந்த உவேமுராவும் நிண்டெண்டோவிலேயே சேர்ந்துவிட்டார். 

ஒளியைக் கொண்டு சுடும் விளையாட்டு அதற்கு முன்பே உண்டு. அமெரிக்காவில் 1936-ம் ஆண்டிலேயே காசு போட்டு ஒளியால் வாத்து சுடும் இயந்திரம் இருந்தது. ஆனால் அது கடையில் நிற்கும் பெரிய இயந்திரம். அதே தந்திரத்தை ஜப்பானியக் குழந்தைகளின் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு வந்தது யோகோயின் துப்பாக்கி.

ஏற்றமும் இறக்கமும்

சின்னத் துப்பாக்கி வெற்றி பெற்றதும், பெரிய திட்டம் ஒன்று தோன்றியது.

அப்போது ஜப்பான் முழுவதும் பந்து உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் 'பவுலிங்' விளையாட்டு மோகம் அடங்கிக்கொண்டிருந்தது. அதற்காகக் கட்டிய பெரிய பெரிய கூடங்கள் காலியாகக் கிடந்தன. அவற்றை ஒளித் துப்பாக்கி சுடும் இடங்களாக மாற்றினால் என்ன?

1973-ம் ஆண்டு அந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கூடத்தின் கோடியில் ஒரு பெரிய திரை. அதிலே மலைக்காட்சி. வானத்தில் களிமண் தட்டுகள் பறப்பது போல ஒளிப்புள்ளிகள் ஓடும். ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று ஒளியால் சுடுவார்கள். 'லேசர்' என்று பெயர் வைத்தார்களே தவிர, உண்மையில் அதில் லேசர் கதிர் இல்லை.

கியோட்டோவில் தொடக்க விழா. விருந்தினர்கள் வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இயந்திரம் மக்கர் செய்தது! ஓர் என்ஜினீயர் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, சுட்டவர்களைப் பார்த்துக் கையாலேயே புள்ளிகளைப் போட்டுச் சமாளித்தார் என்று சொல்வார்கள்.

கூடங்களில் கூட்டம் அலைமோதியது. பல ஊர்களிலிருந்தும் ஆர்டர்கள் குவிந்தன. நிண்டெண்டோ கடன் வாங்கி வேலையைப் பெருக்கியது.

அப்போதுதான் இடி விழுந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தன. பெட்ரோல் விலை மடமடவென்று ஏறியது. ஜப்பான் தனக்கு வேண்டிய எண்ணெயை ஏறக்குறைய எல்லாம் வெளிநாட்டிலிருந்தே வாங்கும் நாடு. மக்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். ஆர்டர் கொடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ரத்து செய்தார்கள்.

நிண்டெண்டோவுக்கு ஏறக்குறைய 500 கோடி யென் கடன் ஏற்பட்டது. எங்கோ நடந்த போர், கியோட்டோவின் விளையாட்டுச் சாமான் கம்பெனியைக் கவிழ்க்கப் பார்த்தது!

யோகோய் மனம் தளரவில்லை. பெரிய கூடம் வேண்டாம், கடை மூலையில் வைக்கும் சின்ன இயந்திரமே போதும் என்று திட்டத்தைச் சுருக்கினார்கள். 1974-ம் ஆண்டு, சினிமாப் படச் சுருளைக் கொண்டு ஓடும் துப்பாக்கி விளையாட்டு வந்தது. திரையில் ஒரு முரடன் தோன்றுவான். அவன் சுடுவதற்கு முன் ஆட்டக்காரர் சுட வேண்டும். 1976-ம் ஆண்டு, சுவரில் வாத்து பறப்பது போல நிழற்படம் காட்டி, அதைச் சுடும் வீட்டு விளையாட்டும் வந்தது. இவற்றால் கம்பெனி மூச்சு விட முடிந்தது. ஆனால் கடன் அடையவில்லை.

ரெயிலில் பிறந்த யோசனை

ஒரு நாள் யோகோய் அதிவேக ரெயிலில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு பிரயாணி, பொழுது போகாமல் கணக்குப் போடும் சிறு இயந்திரத்தின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தார். 

வேறு யாராக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். யோகோய்க்கோ உடனே ஒரு யோசனை உதித்தது. பெரியவர்களும் கூச்சப்படாமல், கைக்குள் மறைத்து வைத்து விளையாட ஒரு சாமான் இருந்தால்?

பிறகு ஒரு நாள் தலைவர் யமவுச்சியின் கார் டிரைவர் வேலைக்கு வரவில்லை. அது இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள வெளிநாட்டுக் கார். அதை ஓட்டத் தெரிந்த யோகோயை அழைத்தார்கள். காரை ஓட்டிக்கொண்டே தம் யோசனையைச் சொன்னார். தலைவர் அதைக் கேட்டுக்கொண்டாரே தவிர, பெரிதாக ஒன்றும் பதில் சொல்லவில்லை. 

ஆனால் அன்றைய கூட்டத்தில் யமவுச்சிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஷார்ப் கம்பெனியின் தலைவர். கணக்கு இயந்திரங்களுக்கு வேண்டிய சிறு திரைகளைச் செய்யும் கம்பெனி அது. இருவரும் பேசினார்கள். சில நாட்களில் ஷார்ப் கம்பெனியின் ஆட்கள் நிண்டெண்டோவுக்கே வந்துவிட்டார்கள்!

கணக்கு இயந்திரம் செய்யும் கம்பெனிகளுக்குள் கடும் போட்டி நடந்திருந்த காலம் அது. அதனால் அந்தத் திரைகளின் விலை நன்றாக இறங்கியிருந்தது. யோகோய்க்கு அது வசதியாகப் போயிற்று.

1980-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 'கேம் அண்ட் வாட்ச்' வெளிவந்தது. உள்ளங்கை அளவுப் பெட்டி. மணியும் காட்டும், விளையாட்டும் காட்டும். பல விதங்களில் மொத்தம் 4 கோடியே 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. கம்பெனியைப் பல ஆண்டுகள் அழுத்திய கடன் சுமை இறங்கியது.

அந்தப் பெட்டியை மடித்துப் பையில் போடும்போது, நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி இடைஞ்சலாக இருக்கும். ஆகவே 1982-ம் ஆண்டு, கட்டை விரலால் மேலும் கீழும் வலமும் இடமும் அழுத்துவதற்குச் சிலுவை வடிவத்தில் ஒரு பொத்தானை யோகோய் அமைத்தார். அதன் பிறகு வந்த விளையாட்டுக் கருவிகள் பலவற்றிலும் அதே அமைப்பைக் காணலாம்.

இதற்கிடையே, 1981-ம் ஆண்டு ஷிகேரு மியமோத்தோ என்ற இளைஞர் 'டாங்கி காங்' விளையாட்டைப் படைத்தபோது அவருக்கு மேற்பார்வையாளராக இருந்து வழிகாட்டியவரும் யோகோய்தான். அந்த விளையாட்டில் குதித்து ஏறிய தச்சனே பிறகு 'மரியோ' என்று உலகப் புகழ் பெற்றான்.

டெலிவிஷனைச் சுட்ட துப்பாக்கி

1983-ம் ஆண்டு நிண்டெண்டோ, டெலிவிஷனோடு இணைத்து விளையாடும் பெட்டியைக் கொண்டு வந்தது. அதை உருவாக்கியவர், வில்லை விற்க வந்த அதே உவேமுரா! அதற்கு அடுத்த ஆண்டே அந்தப் பெட்டிக்கு ஓர் ஒளித் துப்பாக்கியும் வந்தது. 1970-ல் வந்த பொம்மைத் துப்பாக்கியின் வாரிசு அது. சுவரில் பறந்த வாத்தும் 'டக் ஹன்ட்' என்ற பெயரில் டெலிவிஷனுக்குப் பறந்து வந்தது.

ஆனால் இதிலே வேலை தலைகீழ். பழைய துப்பாக்கி ஒளியை வீசியது. புதிய துப்பாக்கி ஒளியைப் பார்த்தது! அதன் குழலுக்குள் இருந்தது ஒரு மின்சாரக் கண்.

விசையை அழுத்தியதும், டெலிவிஷன் திரை முழுவதும் கண்ணிமைக்கும் நேரம் இருட்டாகிவிடும். அடுத்த கணம், வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். துப்பாக்கியின் கண் முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால், குறி சரி என்று பொருள். வாத்து விழும். முதலில் இருட்டு எதற்கு? மின்சார விளக்கைக் குறி பார்த்துச் சுட்டு ஏமாற்றாமல் இருப்பதற்குத்தான்!

முன்பு அமெரிக்காவில் 1972-ம் ஆண்டு வந்த 'ஒடிசி' பெட்டியின் துப்பாக்கியிலும் இப்படி ஒரு மின்சாரக் கண் இருந்தது. ஆனால் அதை விளக்கின் பக்கம் திருப்பினாலும் குறி தப்பாது என்று சொல்லிவிடும். நிண்டெண்டோ துப்பாக்கி அந்தக் குறையைப் போக்கியது.

'டக் ஹன்ட்' 2 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. பழைய கண்ணாடிக் குழாய் டெலிவிஷன்களுக்கென்று செய்த துப்பாக்கி அது. பின்னால் வந்த தட்டை டெலிவிஷன்களில் படம் சிறிது தாமதித்துத் தோன்றுவதால் அதன் கண் ஏமாந்துவிடும். 

1985-ம் ஆண்டு அமெரிக்காவில் நுழைய நிண்டெண்டோ முயன்றபோது ஒரு தடை இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே டெலிவிஷன் விளையாட்டு வியாபாரம் படுத்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டாலே கடைக்காரர்கள் ஓடினார்கள். 

இங்கேயும் ஒளிதான் கைகொடுத்தது. யோகோயின் குழுவினர் ஒரு சிறு இயந்திர மனிதனைச் செய்தார்கள். டெலிவிஷன் திரை பளிச்சிடுவதைத் தன் கண்ணால் பார்த்து, அதையே கட்டளையாகக் கொண்டு அது கையை அசைக்கும். கடைக்காரர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்று ஏற்றுக்கொண்டார்கள். கதவு திறந்தது.

பழையதே போதும்

யோகோயிடம் ஒரு கொள்கை இருந்தது. புத்தம் புதிய பொருளின் பின்னால் ஓடக் கூடாது. அதற்கு விலை அதிகம், பழுதும் அதிகம். எல்லோருக்கும் பழகிப்போன, விலை இறங்கிய பொருளை எடுக்க வேண்டும். அதை யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்த வேண்டும். அதுவே அவர் வழி.

1989-ம் ஆண்டு வந்த 'கேம் பாய்' அந்த வழியின் உச்சி. போட்டிக் கம்பெனிகள் வண்ணத் திரையோடு கைப்பெட்டிகளைச் செய்தன. அவை சில மணி நேரத்தில் 6 பாட்டரிகளைத் தின்று தீர்த்தன. யோகோயின் பெட்டியில் வண்ணம் இல்லை. பச்சை படிந்த மங்கலான திரைதான். ஆனால் 4 சிறு பாட்டரிகளில் 10 மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. விலையும் குறைவு.

விளையாட்டில் மனம் ஒன்றிவிட்டால், வண்ணம் இல்லாத குறை குழந்தைக்குத் தெரியாது என்று அவர் நம்பினார். அவர் நம்பிக்கை பொய்க்கவில்லை. அந்தப் பெட்டியும், 1998-ல் வந்த அதன் வண்ணப் பெட்டியும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன.

தோல்வியும் விடையும்

வெற்றியையே கண்டவருக்கு ஒரு தோல்வியும் காத்திருந்தது. 1995-ம் ஆண்டு 'வர்ச்சுவல் பாய்' என்ற கருவி வந்தது. மேஜை மீது வைத்து, முகத்தைப் பதித்து உள்ளே பார்க்க வேண்டும். படங்கள் ஆழமும் உயரமும் கொண்டு தோன்றும். ஆனால் எல்லாம் சிவப்பும் கறுப்பும். கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று புகார்கள் எழுந்தன. சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம்தான் விற்றது. ஓர் ஆண்டுக்குள் கைவிடப்பட்டது.

1996-ம் ஆண்டு ஆகஸ்டில் யோகோய் நிண்டெண்டோவை விட்டு விலகினார். 31 ஆண்டு உழைப்பு அது. தோல்விக்குத் தண்டனையாக வெளியேறினார் என்று பலர் பேசினார்கள். யோகோய் அதை மறுத்தார். சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்பது தம் நெடுநாள் விருப்பம் என்று விளக்கி எழுதினார்.

கியோட்டோவிலேயே 'கோட்டோ' என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினார். பண்டாய் என்ற விளையாட்டுச் சாமான் கம்பெனிக்காக ஒரு புதிய கைப்பெட்டியை உருவாக்கும் வேலையில் இறங்கினார். 

அந்த வேலை முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1997-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, இஷிகாவா மாகாணத்து நெடுஞ்சாலையில் ஒரு நண்பருடன் காரில் சென்றார். கார், முன்னால் போன லாரி மீது மோதியது. என்ன சேதம் என்று பார்ப்பதற்காக யோகோய் கீழே இறங்கினார். அப்போது வேகமாக வந்த வேறொரு கார் அவர் மீது மோதிவிட்டது. யோகோய் மரணம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது 56.

அவர் தொடங்கிவைத்த கைப்பெட்டி, 1999-ம் ஆண்டு மார்ச் மாதம் 'ஒண்டர்ஸ்வான்' என்ற பெயரில் வந்தது. அது ஒரே ஒரு சிறு பாட்டரியில் ஓடியது. அதிலும் வண்ணம் இல்லை, விலை மலிவு. அதனோடு வந்த ஒரு விளையாட்டுக்கு அவர் நினைவாக 'குன்பெய்' என்று பெயர் சூட்டினார்கள்.

மற்றவர்கள் புதிய பொருளைத் தேடி அலைந்தபோது, கையில் இருந்த பொருளைக் கூர்ந்து பார்த்தவர் யோகோய். வெயிலில் மின்சாரம் தரும் வில்லை, கணக்குப் போடும் இயந்திரத்தின் திரை, குறுக்கே இணைத்த சில பட்டைகள். இவையே அவருடைய மூலதனம். இவற்றைக் கொண்டு அவர் உண்டாக்கிய சிரிப்பொலி, நாடு விட்டு நாடு சென்று கோடிக்கணக்கான வீடுகளில் கேட்டது.